கடைசி மேட்ச் யாருக்கு?

டொரன்டோ ஸ்கைடோம், 2002 மார்ச் 17. புரோ ரெஸ்லிங்கின் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் பதினெட்டாவது ஆண்டு. 68,237 பேர் கூடியிருந்த அரங்கில் ராக்கும் ஹல்க் ஹோகனும் மோதினார்கள். கதைப்படி ராக் ஹீரோ, ஹோகன் வில்லன். கூட்டம் அந்தக் கதையை ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன வயதில் தாங்கள் கொண்டாடிய ஆள் இத்தனை வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார் என்ற சந்தோஷத்தில், ஹோகன் கையைத் தூக்கினாலே கூரை அதிர்ந்தது. ராக் அடித்தால் ஏசினார்கள். இரண்டு பேருமே கைதேர்ந்தவர்கள். ரிங்கில் நின்றபடியே ஆட்டத்தைக் கூட்டத்தின் போக்கில் திருப்பிக்கொண்டார்கள். பதினாறு நிமிடங்களுக்குச் சற்று மேல் நீடித்த அந்த மோதல் முடிந்தபோது, கத்துவதற்குத் தொண்டை மிச்சமிருந்தவர்கள் குறைவு.

ஆனால் நிகழ்ச்சி முடியவில்லை. இன்னும் இரண்டு மேட்ச்கள் பாக்கி. முதலில் ஜாஸ், லிட்டா, ட்ரிஷ் ஸ்ட்ராட்டஸ் மூவரும் பெண்கள் பட்டத்துக்காக இறங்கினார்கள். ட்ரிஷ் டொரன்டோக்காரர். வேறெந்த நேரத்தில் அவரை இறக்கியிருந்தாலும் சொந்த ஊர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும். அதற்கும் பிறகுதான் அன்றைய பெரிய பட்டத்துக்கான மோதல்: கிறிஸ் ஜெரிக்கோ, ட்ரிபிள் ஹெச். மூன்று மாதம் முன்புதான் ராக்கையும் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினையும் ஒரே இரவில் வென்று இரண்டு பட்டங்களை ஒன்றாக்கியிருந்தார் ஜெரிக்கோ. ட்ரிபிள் ஹெச் தொடைத் தசை கிழிந்து பல மாதம் ஒதுங்கியிருந்து மீண்டு வந்தவர். இருவரும் குறை வைக்காமல்தான் ஆடினார்கள். ஆனாலும் கூட்டம் உட்கார்ந்தே பார்த்தது.

அன்றைக்கு ரிங்குக்குள் யாரும் தப்புச் செய்யவில்லை. மேட்ச்களை வரிசைப்படுத்தியதில்தான் தப்பு.

புரோ ரெஸ்லிங்கில் அந்த வரிசைக்குக் கார்டு என்று பெயர். என்னென்ன மேட்ச், எது முன்னே, எது பின்னே என்பதுதான் கார்டு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், யார் ஜெயிப்பது, எப்படி ஜெயிப்பது என்பதையும் சேர்த்துத் தீர்மானிப்பவர் புக்கர். முடிவுகள் முன்பே பேசிவைத்தவை என்பது ரகசியமில்லை. 1989-ல் வின்ஸ் மெக்மஹோனின் நிறுவனமே நியூ ஜெர்சி மாநில செனட்டிடம், இது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டது. பேசிவைத்த ஒன்றைப் பார்த்து எழுபதாயிரம் பேர் ஏன் ஒரே நொடியில் எழுந்து நிற்கிறார்கள், அதே ஆட்கள் அதே திறமையோடு ஆடியும் சில இரவுகளில் ஏன் எழுவதில்லை? அந்தக் கேள்விக்கான பதிலில் பாதிக்கு மேல் கார்டில்தான் இருக்கிறது.

டென் ஸ்போர்ட்ஸ் காலத்தில் ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடி வளர்ந்த நம் தலைமுறைக்கு இந்தப் பெயர்களெல்லாம் அத்துப்படி. அந்த அட்டையில் உயரம் இருந்தது, எடை இருந்தது, மார்பளவு இருந்தது. அந்த வீரர் எத்தனையாவது மேட்ச்சில் இறங்குவார் என்பது மட்டும் இல்லை. தொழிலுக்குள் ஒருவருடைய மதிப்பைச் சொல்வது அதுதான். கடைசி மேட்ச், அதாவது மெயின் ஈவன்ட், கிடைப்பதற்காக இருபது வருடம் உடம்பை முறித்துக்கொண்டவர்கள் உண்டு.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி இடம் பட்டத்துக்குச் சொந்தமில்லை. கூட்டம் எதைப் பார்க்க வந்ததோ அதற்குத்தான் சொந்தம். இதை மறந்துபோகும் இரவுகளில் அடிபடுவது புக்கர் அல்ல, உச்சத்துக்கு அடுத்து ரிங்கில் போய் நிற்கிறவர்கள்.

முதல் மேட்ச்சின் வேலை

முதல் மேட்ச் என்றால் புதுமுகங்களுக்கு, கூட்டம் வந்து உட்காரும்வரை நேரத்தைக் கழிப்பதற்கு என்று ஒரு நினைப்பு உண்டு. ஜப்பானில் புதுமுகங்களுக்குத்தான் அதைக் கொடுக்கிறார்கள். ஆனால் காரணம் வேறு. அன்டோனியோ இனோகி 1972-ல் தொடங்கிய நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங்கில், பயிற்சிக் கூடத்திலிருந்து வரும் இளைஞர்களை ‘யங் லயன்’ என்பார்கள். கறுப்பு ட்ரங்க்ஸ், கறுப்பு பூட்ஸ். பகட்டான உடை கிடையாது, பட்டப்பெயர் கிடையாது. டிராப்கிக், பாடிஸ்லாம், காலை மடக்கி முதுகை வளைக்கும் பாஸ்டன் கிராப் மாதிரியான அடிப்படைப் பிடிகளோடு அவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டை ஏதோ பழைய குருகுல ஒழுக்கம் என்று மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். முதல் மேட்ச்சில் ஒரு பையன் பாஸ்டன் கிராப்பில் சிக்கிக் கயிற்றைப் பிடிக்கத் தவழும்போது, அந்தப் பிடி வலிக்கும் என்று கூட்டம் நம்பிவிடுகிறது. மூன்று மணி நேரம் கழித்துப் பெரிய நட்சத்திரம் அதைவிடப் பயங்கரமான ஒன்றைச் செய்யும்போது அந்த நம்பிக்கைதான் கைகொடுக்கிறது. முதல் மேட்ச்சிலேயே ஒருவன் மூன்றாவது கயிற்றிலிருந்து குட்டிக்கரணம் போட்டு வெளியே பாய்ந்துவிட்டால், எட்டாவது மேட்ச்சில் வருகிறவர் எங்கே ஏறிக் குதிப்பார்?

அமெரிக்க முறை வேறு. அங்கே முதல் மேட்ச் கூட்டத்தைச் சூடாக்க வேண்டும். வேகமான இரண்டு பேர், எல்லோருக்கும் பிடித்த ஒரு ஹீரோ, சுத்தமான வெற்றி. பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு இதுவே போதும். ஆனால் முதல் மேட்ச்சைக் கொண்டு என்னவெல்லாம் செய்ய முடியும் என்று காட்டியது 1994 மார்ச் 20 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த பத்தாவது ரெஸில்மேனியா. நான் பார்த்த கார்டுகளில் இதைத்தான் உச்சத்தில் வைப்பேன்.

அன்றைக்கு பிரெட் ஹார்ட்டுக்கு இரண்டு மேட்ச். முதலில் தன் தம்பி ஓவனோடு. கடைசியில் பெரிய பட்டத்துக்காக. எந்த நிழலிலிருந்து வெளியேற ஓவன் துடிக்கிறாரோ அதே அண்ணனைத்தான், நிகழ்ச்சியின் முதல் இருபது நிமிடத்தில், எந்த ஏமாற்றும் இல்லாமல் தோள்களை அழுத்தி மூன்று எண்ண வைத்து ஜெயித்துவிடுகிறார். எதிர்பாராத முடிவு. கூட்டம் அதை மறக்கவே இல்லை. இடையில் ஏழு மேட்ச்கள் ஓடுகின்றன. கடைசியில் பிரெட், யோகோசூனாவை வீழ்த்திப் பட்டத்தை வெல்கிறார். சக வீரர்கள் ரிங்குக்குள் வந்து அவரைத் தோளில் தூக்குகிறார்கள். ஓவன் வந்து நின்று வெறித்துப் பார்க்கிறார். சற்று முன் உன்னை அடித்தவன் நான்தானே, இப்போது எப்படி உன்னைச் சாம்பியன் என்கிறார்கள் என்ற கேள்வியை ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிட்டார். முதல் மேட்ச் இல்லாவிட்டால் கடைசிக் காட்சிக்கு அர்த்தமே கிடையாது. அடுத்த ஐந்து மாதத்துக்கான கதை அந்த ஒரு பார்வையில் முளைத்தது.

அதே இரவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ரேசர் ரமோனும் ஷான் மைக்கேல்ஸும் ஆடிய ஏணி மேட்ச் கடைசிக்கு முந்தையது. அந்த வகையில் அதுவரை பெரும்பாலோர் பார்த்திராத ஒன்று, எல்லோரையும் வாய் பிளக்க வைத்தது. அதற்குச் சற்று முன் எர்த்க்வேக், ஆடம் பாம்ப் மேட்ச்சை 35 நொடியில் முடித்துவிட்டார்கள். பத்துப் பேர் இரண்டு அணிகளாக ஆடவிருந்த ஒரு டேக் மேட்ச் நேரம் போதாமல் நடக்கவே இல்லை. அந்தப் பத்துப் பேரும் உடை மாற்றி, உடம்பைச் சூடாக்கிக் காத்திருந்திருப்பார்கள். கார்டு என்பது எப்போதுமே யாரோ ஒருவருடைய நிமிடங்களை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதுதான். யாரிடமிருந்து எடுக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் அதற்கு வருகிறேன்.

திரைக்குப் பின்னால்

வரிசை போடும்போது புக்கர் பார்ப்பவை பல. இரண்டு மேட்ச் அடுத்தடுத்து ஒரே மாதிரி முடியக் கூடாது. முந்தையதில் வில்லன் ஏமாற்றி ஜெயித்திருந்தால் அடுத்ததில் ஹீரோ ஜெயிக்கட்டும். நீளமானதை அடுத்து நீளமானது வேண்டாம். டேக் மேட்ச்கள் இரண்டு ஒட்டி வர வேண்டாம். யாராவது குறுக்கே புகுந்து குழப்புவது ஒரு இரவில் ஒரு தடவைதான் எடுபடும்.

ஒவ்வொரு மேட்ச்சுக்கும் ஏஜென்ட் அல்லது புரொட்யூசர் என்று ஒருவர் உண்டு, பெரும்பாலும் ஓய்வுபெற்ற வீரர். இன்றைக்கு மேஜையை உடைப்பது யார், ரத்தம் யாருக்கு, ரிங்குக்கு வெளியே சண்டையை எந்த மேட்ச்சில் கொண்டுபோவது என்று பங்கு பிரித்து, மற்றவர்கள் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. கீழ் மேட்ச்களில் ஆடுபவர்களுக்கு இது எளிதல்ல. தன்னால் செய்ய முடிந்ததைச் செய்யாமல் விட்டால்தான் அந்த இரவு நிற்கும் என்று தெரிந்து, கைத்தட்டலை விட்டுக்கொடுக்கிறார்கள். இந்தக் கலையில் நான் மிகவும் மதிப்பது அந்த விட்டுக்கொடுத்தலைத்தான்.

திரைக்குச் சற்றுப் பின்னால், மானிட்டரும் ஹெட்செட்டுமாக ஒரு மேஜை இருக்கும். கொரில்லா மான்சூன் என்ற முன்னாள் வீரர் அங்கே உட்கார்ந்து நிகழ்ச்சியை நடத்தியதால் அந்த இடத்துக்கே கொரில்லா பொசிஷன் என்று பெயர். நேரம் ஓடுகிறது, சுருக்கு, இன்னும் மூன்று நிமிடம் என்று நடுவரின் காதுக்கருவிக்கு அங்கிருந்துதான் செய்தி போகும். ரிங்கில் விழுந்து கிடப்பவரைக் குனிந்து பார்ப்பது போல நடுவர் அதை வீரரிடம் சொல்லிவிடுவார்.

கட்டணத் தொலைக்காட்சி வருவதற்கும் பெரிய நிகழ்ச்சிகள் உருவாவதற்கும் முன்பு, அமெரிக்காவில் வட்டாரம் வட்டாரமாக நிறுவனங்கள் நடத்திய காலத்தில், கணக்கு வேறாக இருந்தது. அதே அரங்குக்கு அடுத்த மாதமும் அதே கூட்டம் வர வேண்டும். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இரவு 11 மணிக்கு ஆட்டத்தை நிறுத்தியாக வேண்டிய கட்டாயமும் இருந்தது. அதனால் சாம்பியன் ஆடும் மேட்ச் பல மாதங்களில் கார்டின் நடுவிலேயே வந்துவிடும். சாம்பியன் சந்தேகத்துக்கிடமாகத் தோற்றாலோ, ரத்தத்தோடு வெளியேறினாலோ, இவர்கள் மறுபடி மோதுவார்கள் என்று அங்கேயே அறிவித்துவிடலாம். சூடு ஆறுவதற்குள் அடுத்த டிக்கெட்.

இடைவேளை உள்ள ஊர்ப்பயண நிகழ்ச்சிகளில் இன்றும் அந்தக் கணக்கின் மிச்சம் தெரியும். இடைவேளைக்கு முந்தைய மேட்ச் நன்றாக இருந்தால்தான் கூட்டம் எழுந்துபோய் டி-ஷர்ட் வாங்கும். கடைசியில் ஹீரோ ஜெயிப்பார், குழந்தைகள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். தொலைக்காட்சி இல்லாத இரவில் அழவைத்து அனுப்பினால் மறுவாரம் சரிசெய்ய வழியில்லை.

உச்சத்துக்கு அடுத்து

நம்முடைய கச்சேரியில் பிரதான உருப்படியும் தனி ஆவர்த்தனமும் முடிந்ததும் துக்கடாக்கள் உண்டு. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த முறையில் ரசிகரை உச்சத்திலிருந்து கைபிடித்து மெல்ல இறக்கிவிடுவதற்கும் இடம் இருக்கிறது. ரெஸ்லிங்கில் அது இல்லை. உச்சத்தோடு விளக்கைப் போட்டுவிட வேண்டும். எனவே இறங்குவதெல்லாம் நடுவிலேயே நடந்தாக வேண்டும். இரண்டு பெரிய மேட்ச்களுக்கு நடுவே சின்னதாக ஒன்றை வைப்பார்கள். கூட்டம் மூச்சு வாங்க, தண்ணீர் குடிக்க.

இதைச் செய்யவும் ஒரு முறை இருக்கிறது. 2001 ஏப்ரல் 1, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம், ரெஸில்மேனியா பதினேழு. மேஜை, ஏணி, நாற்காலி மூன்றையும் வைத்து மூன்று அணிகள் ஆடிய மேட்ச், பார்த்தவர்களின் நெஞ்சை உறைய வைத்தது. அதன்பின் அண்டர்டேக்கரும் ட்ரிபிள் ஹெச்சும், அதன்பின் ராக்கும் ஆஸ்டினும் வர வேண்டும். நடுவே என்ன வைப்பது? 1980, 90-களின் வேடிக்கையான பாத்திரங்களை, வயதாகி, தொந்தி விழுந்த நிலையில், ஒருவரையொருவர் மேல் கயிற்றைத் தாண்டி வெளியே தள்ளும் பேட்டில் ராயலுக்காக வரிசையாக ரிங்குக்கு நடத்தி வந்தார்கள். பாபி ஹீனனும் ஜீன் ஓகர்லண்டும் வர்ணனைக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவருக்காகவும் அந்தப் பழைய இசை ஒலித்தபோது கூட்டம் சிரித்தது, கைதட்டியது, இளைப்பாறியது. மேட்ச் சில நிமிடங்கள்தான். அயர்ன் ஷேக் ஜெயித்தார். மேல் கயிற்றைத் தாண்டி விழ அவர் உடம்பு ஒத்துழைக்காது என்பதால்தான் அவருக்கு வெற்றி என்று சொல்வார்கள். அங்கே யாரும் பலியிடப்படவில்லை. ஆடியவர்களுக்கு மரியாதை கிடைத்தது, கூட்டத்துக்கு ஓய்வு கிடைத்தது, அடுத்து வந்த இரண்டு மேட்ச்சும் முழு இரைச்சலோடு நடந்தன.

பதிமூன்று வருடம் கழித்து நியூ ஆர்லியன்ஸில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2014 ஏப்ரல் 6. ரெஸில்மேனியாவில் 21 முறை ஆடி ஒருமுறைகூடத் தோற்காத அண்டர்டேக்கரை பிராக் லெஸ்னர் வீழ்த்தினார். திரையில் 21-1 என்று எழுத்து வந்தபோதும் கூட்டம் நம்பவில்லை. தலையில் கைவைத்து வாய் திறந்து நின்றவர்களை கேமரா ஒவ்வொருவராகக் காட்டியது. அந்த அரங்கில் அப்போது ஒரு துக்கம் நடந்துகொண்டிருந்தது. அதற்குள் பதினான்கு பெண்களை ரிங்குக்குள் அனுப்பினார்கள். ஏஜே லீயின் பட்டத்துக்கான மேட்ச். ஏழு நிமிடம்கூட இருக்குமா என்பது சந்தேகம். அந்தப் பதினான்கு பேரில் பலருக்கு அது ரெஸில்மேனியாவில் ரிங்கில் இறங்கிய அபூர்வ வாய்ப்பு. எவருமே பார்க்கவில்லை. பார்க்காதவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

அன்றைய கார்டில் மற்றவை எல்லாம் அழகாகவே இருந்தன. முதல் மேட்ச்சில் டேனியல் பிரையன் ட்ரிபிள் ஹெச்சை வென்று, அதன்மூலம் கடைசி மேட்ச்சில் இடம்பிடித்து, இரவின் முடிவில் பட்டத்தையும் கைப்பற்றினார். பத்தாவது ரெஸில்மேனியாவின் பாடத்தை நன்றாகவே படித்திருந்தார்கள். அவ்வளவு யோசித்தவர்களுக்கு அந்தப் பதினான்கு பெண்களைப் பற்றி மட்டும் யோசிக்கத் தோன்றவில்லை.

தோன்றாதது தற்செயலில்லை. 2002-ல் டொரன்டோவில் உச்சத்துக்கு அடுத்துப் போய் நின்றதும் பெண்கள் மேட்ச்தான். அமெரிக்கப் பெரிய நிறுவனத்தில் பல்லாண்டுகளாகப் பெண்கள் மேட்ச் என்றால் கூட்டம் கழிப்பறைக்குப் போய்வரும் நேரம். 2015 பிப்ரவரி 23 அன்று அதன் வாராந்திர ரா நிகழ்ச்சியில் நான்கு பெண்கள் ஆடிய டேக் மேட்ச் அரை நிமிடத்தில் முடிந்தது. ரசிகர்கள் பொறுக்கவில்லை. இவர்களுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று ட்விட்டரில் இரவெல்லாம் கொதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் புரூக்ளினில் அதே நிறுவனத்தின் என்எக்ஸ்டி நிகழ்ச்சியில் பெய்லியும் சாஷா பாங்க்ஸும் கடைசிக்கு முந்தைய மேட்ச் ஆடினார்கள். கூட்டம் அதோடு தீர்ந்துபோனது. பின்னால் வந்த ஆண்கள் ஏணி மேட்ச் அதை எட்ட முடியவில்லை. அக்டோபரில் அதே இருவருக்கும் முப்பது நிமிட அயர்ன்மேன் மேட்ச், இந்த முறை கடைசியில். இரண்டே மாதத்தில் ஒரு தப்பைத் திருத்திக்கொள்ள முடிகிறது என்றால், முந்தைய பல்லாண்டுகளில் அது முடியாமல் போனதல்ல. யாரும் முயலவில்லை.

ஜப்பானில் பெண்களுக்கென்றே நடந்த நிறுவனத்தில் அவர்கள் எப்போதோ மெயின் ஈவன்ட் ஆடிவிட்டார்கள். 1980-களில் க்ரஷ் கேல்ஸ் ஜோடிக்காகப் பள்ளிச் சிறுமிகள் அரங்கை நிரப்பினார்கள். 1994 நவம்பர் 20 அன்று டோக்கியோ டோமில் பெண்கள் ரெஸ்லிங் நிகழ்ச்சி நடந்தது. 23 மேட்ச்கள், ஏறத்தாழ பத்து மணி நேரம்.

கடிகாரம்

பத்து மணி நேரம் என்பதைச் சும்மா கடந்துபோக முடியாது. எவ்வளவு நல்ல கார்டையும் நீளம் கொன்றுவிடும்.

2019-ல் நியூ ஜெர்சியின் மெட்லைஃப் மைதானத்தில் நடந்த 35-வது ரெஸில்மேனியாவில்தான் முதன்முதலாகப் பெண்கள் கடைசி மேட்ச் ஆடினார்கள்: பெக்கி லின்ச், ரோண்டா ரௌசி, சார்லட் ஃபிளேர். பெக்கிக்காக மாதக்கணக்கில் கூட்டம் தவித்துக் காத்திருந்தது. ஆனால் முன்நிகழ்ச்சியையும் சேர்த்து ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகு, உள்ளூர் நேரம் நள்ளிரவைத் தாண்டித்தான் அந்த மேட்ச் முடிந்தது. இடையிலேயே கோஃபி கிங்ஸ்டன் பதினொரு வருடக் காத்திருப்புக்குப் பின் பெரிய பட்டம் வென்றதில் கூட்டம் அழுது தீர்த்திருந்தது. ரௌசியின் தோள் தரையில் முழுதாகப் படிந்ததா என்ற சந்தேகத்தோடு மூன்று எண்ணப்பட்டபோது, குளிரில் நின்ற கூட்டம் கொண்டாடியது, ஆனால் பெக்கிக்கு அவர்கள் கொடுக்க வைத்திருந்ததெல்லாம் அதுவல்ல. இடத்தைக் கொடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு வந்துசேரும் கூட்டத்தைச் சோர்வாக்கிவிட்டால் என்ன பயன்? அடுத்த ஆண்டிலிருந்து ரெஸில்மேனியா இரண்டு இரவுகளாகப் பிரிக்கப்பட்டது. 2021-ல் டாம்பாவில் முதல் இரவின் கடைசி மேட்ச்சாக பியான்கா பெலேரும் சாஷா பாங்க்ஸும் ஆடியபோது, கூட்டத்தின் தெம்பு முழுதாக அவர்களுக்குக் கிடைத்தது.

நேரத்தை மறந்ததற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் 1998 அக்டோபர் 25, லாஸ் வேகஸ். டபிள்யூசிடபிள்யூ நிறுவனத்தின் ஹாலோவீன் ஹேவக் நிகழ்ச்சி. கட்டணத் தொலைக்காட்சியில் ஒதுக்கிய நேரத்தைத் தாண்டி நிகழ்ச்சி ஓட, பல வீடுகளில் படம் பாதியில் நின்றுபோனது. கடைசிக்கு முந்தைய ஹோகன், வாரியர் மேட்ச் அந்த ஆண்டின் மிக மோசமானவற்றில் ஒன்று. அதை முழுதாகப் பார்த்தார்கள். கடைசியில் வந்த கோல்ட்பெர்க், டைமண்ட் டல்லஸ் பேஜ் மேட்ச் அன்றைய இரவிலேயே சிறந்தது. காசு கொடுத்தவர்களில் பலரால் அதைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் இலவசமாக ஒளிபரப்பிச் சமாதானப்படுத்தினார்கள்.

பட்டமா, கூட்டமா

பெரிய பட்டத்துக்கான மேட்ச்தான் கடைசியில் வர வேண்டும் என்பவர்களின் வாதத்தை லேசாக ஒதுக்க முடியாது. பட்டத்தைக் கீழே இறக்கினால் அதன் மதிப்புக் குறையும், மதிப்புக் குறைந்த பட்டத்துக்காக நாளைக்கு யார் கவலைப்படுவார்கள் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் 1992 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தைப் பாருங்கள். எண்பதாயிரம் பேர் என்று அறிவிக்கப்பட்ட கூட்டம். பெரிய பட்டத்துக்காக ராண்டி சாவேஜும் அல்டிமேட் வாரியரும் நடுவிலேயே ஆடி முடித்துவிட்டார்கள். கடைசியில் வந்தது இரண்டாம் நிலைப் பட்டத்துக்கான மோதல்: பிரெட் ஹார்ட்டுக்கு எதிராக அவருடைய தங்கையின் கணவர், இங்கிலாந்துக்காரர் டேவி பாய் ஸ்மித். மைத்துனரை வீழ்த்திச் சொந்த மண்ணில் அவர் பட்டத்தைத் தூக்கியபோது வெம்பிளியில் எழுந்த சத்தத்தை இன்றைக்குக் கேட்டாலும் மயிர்க்கூச்செறியும். பெரிய பட்டம் அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

2009-ல் மெக்மஹோனின் அதே நிறுவனம் இதை மறந்தது. ஹூஸ்டனில் அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும் அரை மணி நேரம் ஆடிய மேட்ச், ரெஸில்மேனியா வரலாற்றிலேயே சிறந்தது என்று பலர் சொல்வது. அதற்குப் பின் இரண்டு பட்ட மேட்ச்கள் வந்தன. கடைசியாக ஆடிய ட்ரிபிள் ஹெச், ராண்டி ஆர்ட்டன் இருவருக்கும் வெறும் கூடுதான் மிஞ்சியது. மறு ஆண்டு அண்டர்டேக்கரும் மைக்கேல்ஸும் மறுபடி மோதினார்கள். எந்தப் பட்டமும் பணயத்தில் இல்லை, மைக்கேல்ஸின் தொழில் வாழ்க்கைதான் பணயம். இந்த முறை அதைக் கடைசியில் வைத்தார்கள். மைக்கேல்ஸ் தோற்று விடைபெற்றார், அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

என் தரப்புக்குச் சங்கடம் தருகிற ஒருவர் உண்டு: சிஎம் பங்க். 434 நாள் சாம்பியனாக இருந்தவர். 2012 ரெஸில்மேனியாவில் சாம்பியனாகவே இறங்கியும் கடைசி மேட்ச் அவருக்கில்லை, ராக்குக்கும் ஜான் சீனாவுக்கும் போனது. ராக் முழுநேர வீரர் இல்லை, வருடத்தில் எப்போதோ வருபவர். பங்க்கின் கோபம் நியாயமானது. ஆனால் மயாமி கூட்டம் ராக்கையும் சீனாவையும் பார்க்கத்தான் வந்திருந்தது. பங்க் அதற்குப் பின்னால் ஆடியிருந்தால் ஜெரிக்கோவுக்கு டொரன்டோவில் நடந்ததுதான் அவருக்கும் நடந்திருக்கும். கடைசியில் இறங்கும் ஆசை அவருக்கு 2025 ஏப்ரலில் லாஸ் வேகஸில், முதல் இரவின் மெயின் ஈவன்ட்டில் நிறைவேறியது. அவருக்கு அப்போது வயது 46.

அந்த இடத்தைக் கொடுக்கவும் பறிக்கவும் கூட்டத்தால் முடியும் என்பதை டெட்சுயா நைட்டோ அளவுக்கு அனுபவித்தவர் வேறொருவர் இருக்க முடியாது. 2013-ல் நியூ ஜப்பானின் ஜி1 க்ளைமாக்ஸ் தொடரை வென்று, 2014 ஜனவரி 4 டோக்கியோ டோமில் பெரிய பட்டத்துக்காக கஸூசிகா ஒகாடாவோடு ஆடும் உரிமையைப் பெற்றார். ஆனால் கூட்டத்துக்கு அவரைப் பிடிக்கவில்லை, அவர் வந்தாலே ஏசினார்கள். எந்த மேட்ச்சைக் கடைசியில் வைக்கலாம் என்று நிறுவனம் ரசிகர்களிடம் வாக்கெடுப்பு வைத்தது. ரசிகர்கள் இரண்டாம் நிலைப் பட்டத்துக்காக ஷின்சுகே நகமூராவும் ஹிரோஷி தனஹாஷியும் ஆடும் மேட்ச்சைத் தேர்ந்தெடுத்தார்கள். வருடத்தின் மிகப் பெரிய மேடையில், கார்டில் ஒரு படி கீழே இறக்கப்பட்ட பட்ட மேட்ச்சில் ஆடி, அதிலும் தோற்றார் நைட்டோ.

2015-ல் மெக்சிகோ போனவர் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். எதற்கும் அவசரப்படாத நடை, எவரையும் மதிக்காத அலட்சியம், கூடவே ஒரு கும்பல். பிடிக்காவிட்டால் போங்கள் என்று அவர் நின்றதும் கூட்டம் அவரை நேசிக்கத் தொடங்கியது. தன்னை அன்றைக்குக் கீழே தள்ளிய அந்த இரண்டாம் நிலைப் பட்டம் பின்னாளில் கைக்கு வந்தபோது, அதைத் தூக்கி எறிந்தும் இரும்புப் படியில் மோதியும் சிதைத்தார். 2018-ல் டோக்கியோ டோமில் கடைசி மேட்ச் ஆடினார், ஒகாடாவிடம் தோற்றார். 2020 ஜனவரி 5 அன்று அதே ஒகாடாவை வென்று இரண்டு பட்டங்களையும் ஒன்றாகக் கையில் ஏந்தினார். வெற்றிக்குப் பின் தன் கும்பலின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூட்டத்தோடு சேர்ந்து முழங்குவது அவர் வழக்கம். அன்றைக்கு அதைத் தொடங்கியபோது கென்டா என்ற வீரர் புகுந்து அடித்துப் போட்டார். அடுத்த மாத மேட்ச்சுக்கு விதை போட வேண்டும் என்பது புக்கரின் கணக்கு. நான் அதை இன்றும் ஏற்கவில்லை. ஆறு வருடம் காத்திருந்த கூட்டத்துக்கு இரண்டு நிமிடம் கொடுத்திருக்கலாம்.

2024 ஜனவரி 4. வாக்கெடுப்பால் கீழே இறக்கப்பட்டு ஆடிய அதே தேதி, அதே டோம், பத்து வருடம் கழித்து. கடைசி மேட்ச்சில் சனாடாவை வென்று பெரிய பட்டத்தைப் பெற்றார் நைட்டோ. மைக்கைப் பிடித்ததும் ஈவில் என்ற வீரர் ஓடி வந்து தாக்கினார். இந்த முறை, சற்று முன் தோற்றுப்போன சனாடாவே குறுக்கே வந்து ஈவிலை விரட்டிவிட்டார். நைட்டோ எழுந்து, ஒரு பெயர்கூட விடாமல் கடைசிவரை சொல்லி முடித்தார். டோம் முழுக்க அவரோடு சேர்ந்து கத்தியது.